அடையாளம் கேட்கும் உரிமை

பல்கலைக்கழகத்துட் புகும் மாணவன் தான் யாரென்பதை நிறுவவேண்டிய இடங்கள் பல. வாயிலிற் காவலர் அடையாள அட்டையைக் கேட்பார். நூலகத்தில் நூலக அட்டை வேண்டும். பரீட்சை மண்டபத்திற் சுட்டெண்ணின்றி இருக்கை இல்லை. இவ்வரிசையில் இந்நூற்றாண்டு சேர்த்துள்ள வாயிலொன்று கண்ணுக்குப் புலப்படாதது. வளாகத்தின் கம்பியில்லா வலையமைப்பே அது. ஏனைய வாயில்களுக்கு இல்லாத தனித்தன்மை ஒன்று இதற்குண்டு. இங்கு மாணவனும் வாயிலை நோக்கி, "நீ யார்?" என வினவலாம். வினவவும் வேண்டும்.

வீட்டிலுள்ள வைபை இணைப்புக்குக் கடவுச்சொல் ஒன்றே. வீட்டாரும் விருந்தினரும் அயலார் பிள்ளைகளும் அதனைப் பகிர்ந்துகொள்வர். ஆயிரக்கணக்கானோர் பயிலும் நிறுவனத்துக்கு இம்முறை பொருந்தாது. ஒருவர் வாயிலிருந்து வெளிப்பட்ட சொல் மறுநாளே ஊரறிந்த சொல்லாகிவிடும். ஆதலால், 2001ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட 802.1எக்ஸ் என்னும் நியமத்தைத் தழுவி, ஒவ்வொருவரும் தத்தமக்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு நுழையும் முறை வளாகங்களில் நிலைபெற்றது.

இந்த அடித்தளத்தின்மீது எழுந்ததே 'எடுரோம்' என வழங்கும் ஏற்பாடு. நெதர்லாந்தின் சேர்ப்நெற் நிறுவனத்தைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா என்பவர் 2002இல் முன்வைத்த கருத்திலிருந்து அது தோன்றியது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிற் பரவியுள்ளது. இலங்கையில் உயர்கல்வி நிறுவனங்களை இணைக்கும் 'லேர்ண்' வலையமைப்பு இதனை நடத்தி வருகின்றது.

இதன் உட்கருத்து எளிமையானது. இவ்வேற்பாட்டில் இணைந்த பல்கலைக்கழகமொன்றின் மாணவி, ஆய்வரங்கின் பொருட்டு மற்றொரு பல்கலைக்கழகத்துக்குச் செல்கின்றாள் எனக் கொள்க. அவளுடைய பயனர் பெயரின் பின்பகுதி அவள் எந்நிறுவனத்தைச் சேர்ந்தவள் என்பதைச் சுட்டும். சென்ற இடத்தின் சேவையகம் அவளது விண்ணப்பத்தை நாட்டுக்குரிய மையச் சேவையகத்துக்கு அனுப்ப, அது அவளது தாய்ப் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ப்பிக்கும். "இவள் எம்மவள்" என அங்கிருந்து விடை வந்ததும் வாயில் திறக்கும். இவை யாவும் ஒரு சில கணங்களில் நிகழ்கின்றன. அவளுடைய கடவுச்சொல்லோ சென்ற இடத்தாருக்கும் இடைநின்றாருக்கும் தெரியவருவதில்லை. கைத்தொலைபேசிக்கும் தாய்ச் சேவையகத்துக்கும் இடையே மறைகுறியால் அமைந்த சுரங்கவழியொன்றினூடாகவே அது செல்கின்றது.

சுரங்கவழி எத்துணை உறுதியாயினும், அதன் மறுமுனையில் நிற்பவர் யார் என்பதே முதன்மையான வினா. அவ்வினாவுக்கு விடையாகவே சேவையகம் தன் சான்றிதழைக் காட்டுகின்றது. வலையமைப்பின் பெயர் சான்றாகாது. அப்பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம். தீயநோக்குடைய ஒருவன் சிறு கருவியொன்றுக்கு அதே பெயரை இட்டுப் பேருந்து நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ வைத்திருப்பின், பழகிய பெயரைக் கண்ட கைத்தொலைபேசி, உரியவரைக் கேளாமலே அதனோடு இணைய முயலும். சான்றிதழைச் சரிபார்க்கும் கைத்தொலைபேசி அங்கேயே பின்வாங்கிவிடும். சரிபார்க்காததோ கடவுச்சொல்லை அறிவதற்கு வேண்டிய தரவினை அவனிடம் ஒப்படைத்துவிடும். சுரங்கவழியினுட் பெரிதும் பயன்படும் எம்எஸ்-சாப் இரண்டாம் பதிப்பு என்னும் முறையை ஒரு நாளுக்குள் முறியடிக்கலாம் என 2012இல் ஆய்வாளர் இருவர் செய்துகாட்டினர். அதே கடவுச்சொல் மின்னஞ்சலையும் பாடத்தளத்தையும் திறக்குமாயின், இழப்பு இணைய இணைப்போடு நின்றுவிடாது.

இவ்வளவு பாரதூரமான வினா, விடுதிகளில் எவ்வாறு தீர்க்கப்படுகின்றது என்பது சிந்தனைக்குரியது. தமிழ்மொழி மூலம் பயின்று புதிதாக வந்த மாணவன் முன் ஆங்கிலப் படிவமொன்று விரிகின்றது. 'டொமெயின்' என்றும் 'சேர்ட்டிபிகேற்' என்றும் அது கேட்பவற்றின் பொருள் அவனுக்கு விளங்குவதில்லை. உதவிக்கு வரும் சிரேஷ்ட மாணவன், "தம்பி, அந்த இடத்திலை சரிபார்க்க வேண்டாம் எண்டதைப் போடும், உடனை வேலை செய்யும்" என்கின்றான். உண்மையில் உடனே வேலை செய்கின்றது. அவ்வறிவுரை அடுத்த ஆண்டு இன்னொருவனுக்குச் செல்கின்றது. இவ்வாறு அன்பினாற் கையளிக்கப்படும் தவறு, அதட்டினாற் கையளிக்கப்படும் தவற்றிலும் நெடுநாள் வாழ்வது.

சிரேஷ்ட மாணவனை மட்டும் குறைகூறுவது பொருந்தாது. சேவையகத்தின் பெயரை அறிவித்தற் பலகையில் ஒரு வரியாக எழுதிவைக்காத இடத்தில், மாணவன் எதனை டொமெயின் என நிரப்புவான்? கைத்தொலைபேசி ஆக்குவோர் இவ்வாபத்தினை உணரத் தொடங்கிவிட்டனர். 2020 டிசெம்பரில் வெளிவந்த அண்ட்ரொயிட் 11இன் திருத்தமொன்று பிக்சல் கைத்தொலைபேசிகளிலிருந்து அவ்வெளிய தெரிவினை அகற்றிவிட்டது. ஆயினும், கதவை அடைத்தால் மட்டும் போதாது. வழியையும் காட்டுதல் வேண்டும். நிறுவனம் தன் விபரங்களை முறையாகப் பதிந்திருப்பின், 'கெற்எடுரோம்' போன்ற செயலிகள் சான்றிதழையும் சேவையகப் பெயரையும் தாமாகவே அமைத்துக் கொடுக்கும். அச்செயலி இல்லாவிடத்துத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு பக்க விளக்கம் போதும். அதனை ஆக்குவதற்குக் கணினித்துறைப் பேரறிவு வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பைப் பாடமாகப் பயிலும் கலைப்பீட மாணவர், கணினி நிலையத்தாரோடு ஒருநாள் பிற்பகல் அமர்ந்தால் முடியும் பணி அது.

நம்பிக்கை என்பது வினாவின்றி ஏற்றல் எனக் கருதும் பழக்கம் ஆழ வேரூன்றியது. அதிகாரமுடையது கேட்கும், மற்றவர் விடையளிப்பர் என்பதே வாயில்கள் பலவும் கற்பித்த பாடம். கம்பியில்லா வாயிலை வகுத்தவர்களோ இருதிசையிலும் வினா எழுதல் வேண்டும் என்று விதித்தனர்: வலையமைப்பு மாணவனை அறியவேண்டும், மாணவனும் வலையமைப்பை அறியவேண்டும். விரிவுரை மண்டபத்தில் ஆதாரம் எங்கே எனக் கேட்கப் பழகும் ஒருவன், தன் கையிலுள்ள சிறு திரையில் அக்கேள்வியைக் கைவிடுவது முரணாகும். அவ்விடத்தை நிரப்ப ஒரு நிமிடம் கூடுதலாகச் செல்லலாம். அந்த ஒரு நிமிடமும் கல்வியின் பாற்பட்டதே.