விலையும் வினைத்திறனும்

பண்டம் ஒன்றின் விலை அதன்மேல் ஒட்டப்பட்ட சீட்டிலே எழுதப்பட்டிருக்கும். அதன் பெறுமதி வாங்குபவனின் வாழ்க்கையிலே பின்னர் எழுதப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே கொள்வனவில் ஏமாற்றம் பிறக்கின்றது. திருக்குறளில் ‘தெரிந்துசெயல்வகை’ என ஓர் அதிகாரம் உண்டு. ஒரு காரியத்தில் இறங்குமுன் அதனாற் கையைவிட்டுப் போவது யாது, கைக்கு வருவது யாது, பின்னர் தொடர்ந்து கிடைக்கும் பயன் யாது என மூன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது அதன் தொடக்கக் கருத்தாகும். அரசனை நோக்கிக் கூறப்பட்ட அவ்வறிவுரை, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி மடிக்கணினி ஒன்றை வாங்கப் புறப்படும் மாணவனுக்கும், அவனுக்காகப் பணந் தேடும் குடும்பத்துக்கும் இன்று முற்றாகப் பொருந்துகின்றது.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை பரந்து கிடக்கும் முஸ்லிம் ஊர்களில், பொருளை நிறுத்துப் பார்த்து வாங்கும் அறிவு புதியதன்று. சம்மாந்துறை வட்டைகளில் வேளாண்மை செய்பவர், லாண்ட்மாஸ்டர் என்று ஊரிலே வழங்கும் இருசக்கர உழவு இயந்திரத்தை வாங்கும்போது அதன் வலுவை மட்டும் கேட்பதில்லை. எவ்வளவு எண்ணெய் குடிக்கும், சேற்றிலே புதையுமா, உதிரிப்பாகம் கல்முனைப் பசாரிற் கிடைக்குமா, மூன்று போகம் கழித்து விற்றால் என்ன விலை போகும் என்றெல்லாம் விசாரித்தறிந்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்பார். சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வள்ளத்துக்கு எஞ்சின் வாங்குபவர், கடலிலே அது நின்றுபோனால் யார் திருத்துவார் என்பதை முதலிலே கேட்பார். மருதமுனையில் தறியோடு வாழ்ந்தவருக்கு மலிந்த நூலின் உண்மையான விலை தெரியும். அது அடிக்கடி அறும். அறுந்ததை முடிவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். நூலிலே மிஞ்சிய காசு கூலியிலே போய்விடும் என்பது அவர் கைகண்ட பாடம்.

இத்தகைய அனுபவமுடையவர்கள், பிள்ளைக்குக் கணினி வாங்கும் வேளையில் மட்டும் வாய்மூடி நிற்பதைக் காணலாம். “எனக்கு இதெல்லாம் விளங்காது மகன், நீயே பார்த்து எடு” என்று கூறிவிட்டு, கடையின் ஓரத்தில் வாப்பா ஒதுங்கிக்கொள்கிறார். விற்பனையாளர் எண்களை அடுக்குகிறார், மகன் தலையசைக்கிறான். அந்தக் குடும்பத்தின் ஒரு போகத்து மிச்சம் அரைமணி நேரத்தில் கைமாறிவிடுகின்றது. விலையையும் வினைத்திறனையும் நிறுக்கத் தெரிந்தவர் பேசாதிருக்க, அத்தராசைக் கையாலும் தொட்டறியாதவன் முடிவெடுக்கின்றான். இந்நிலை ஏன் ஏற்பட்டது, இதனை எவ்வாறு மாற்றலாம் என்பன ஆராயத்தக்கன.

மடிக்கணினி இவ்வூர்களில் ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் அண்மையிலேயே முடிவுற்றது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றின் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையவழிக்கு மாறியபோது, கையிலிருந்த தொலைபேசியைக் கொண்டு பலர் சமாளித்தனர். விரிவுரையைச் செவிமடுக்கத் தொலைபேசி போதுமாயிருந்தது. ஆயின், ஐம்பது பக்க ஆய்வேட்டை அதன் சிறுதிரையில் தட்டி, அடிக்குறிப்பிட்டு, அட்டவணை அமைத்து ஒப்படைக்க முடியாதென்பதை இறுதியாண்டு மாணவர் விரைவில் உணர்ந்தனர். அன்று முதல் கணினி கல்விச் செலவின் ஓர் அங்கமாயிற்று.

அது தேவையாகிய சிறிது காலத்திலேயே அதன் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. கணினிச் சில்லுகளில் அடக்கக்கூடிய உறுப்புகளின் தொகை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என 1965 இல் கோர்டன் மூர் எதிர்வுகூறினார். 1975 இல் அக்கால அளவை இரண்டாண்டுகளெனத் திருத்தினார். அதன் பயனாக, ஒரே தொகைக்குக் கிடைக்கும் கணிப்பு வலு உலகெங்கும் பல்லாண்டுகளாகப் பெருகி வந்தது. இலங்கையிலோ, தொழில்நுட்பம் கீழே இறக்கிய விலையை நாணயம் மேலே தூக்கியது. 2022 இன் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டதன் பின், மே மாதமளவில் அது 350 ரூபாவைக் கடந்தது. 500 டொலர் பெறுமதியான கணினியொன்று ஓர் இலட்சம் ரூபாவிலிருந்து ஒன்றேமுக்கால் இலட்சத்துக்கு மேற் சென்றது. வரியும் ஏற்றுகூலியும் வணிகரின் இலாபமும் இதிற் சேரவில்லை. பெறுமதிசேர் வரியும் 2022 இல் 8 வீதத்திலிருந்து 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. மஹாபொல உதவித்தொகையை மாதத்துக்கு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்துவதற்கு 2025 ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலே முன்மொழியப்பட்டது. உயர்த்தப்பட்ட அத்தொகையில் ஒரு சதமேனும் உண்ணாது உடுக்காது சேர்த்தாலும், ஒன்றரை இலட்சம் ரூபாக் கணினிக்கு இருபது கொடுப்பனவுகள் வேண்டும்.

விலை இவ்வாறு உயர்ந்திருக்க, வினைத்திறன் என்பது எவ்வாறு மதிப்பிடப்படுகின்றது? பெரும்பாலும் பெயரைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றது. ‘ஐ7’ என்று சொன்னால் அது ‘ஐ3’ ஐ விடச் சிறந்தது என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. ஒரே தலைமுறைப் புரொசெசர்களை ஒப்பிடுமிடத்து இது பொதுவாக உண்மையே. ஆயின் 2015 இல் வெளிவந்த ஆறாந் தலைமுறை ஐ7-6600யூ இரண்டு கருக்களை மட்டுமே உடையது. 2022 இல் வெளிவந்த பன்னிரண்டாந் தலைமுறை ஐ3-1215யூ ஆறு கருக்களை உடையது. பின்னையது முன்னையதை எளிதிலே விஞ்சும். இணைப்புக்கோட்டுக்குப் பின்வரும் தொடக்க இலக்கங்களே தலைமுறையைக் காட்டுவன. பாவித்த கணினியொன்றைப் புதிய கணினியின் விலைக்கு ‘ஐ7’ என்ற பெயரால் வாங்கிச் செல்பவர், பழைய மாட்டைக் கொம்பின் அழகு பார்த்து வாங்கியவரை ஒத்தவராவர்.

தலைமுறையை அறிவதில் இன்னொரு பயனும் உண்டு. விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைப் பொதுவாக வழங்குவதை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்க, இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதற்கு முந்திய கணினி மலிவாகக் கிடைப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். லினக்ஸ் போன்ற இலவச இயக்கமுறைமையைப் பழகத் துணிந்தவருக்கு அக்கணினியும் பயன்படும். துணியாதவருக்கு அது காலாவதியை நெருங்கிய மருந்தாகும்.

கலைப்பீட மாணவரொருவரின் வேலை யாது? தமிழிலே கட்டுரை தட்டுதல், நூல்களையும் ஆய்விதழ்களையும் திரையில் வாசித்தல், இணையத்தில் தேடுதல், வகுப்பிலே சமர்ப்பணம் செய்தல் ஆகியனவே அதிற் பெரும்பகுதி. இவற்றுக்கு விலையுயர்ந்த புரொசெசரோ, விளையாட்டுக்கென அமைந்த வரைகலை அட்டையோ வேண்டியதில்லை. 8 ஜீபி ரேம் நினைவகமும், சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி சேமிப்பகமும் இருப்பின் வேலை தங்குதடையின்றி நடைபெறும். பழைய கணினியொன்றின் வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி பொருத்துவதே மிகக் குறைந்த செலவில் மிகுந்த வேறுபாட்டைத் தரும் திருத்தமாகும். புவியியல் மாணவர் நிலப்படங்களைக் கையாளும் மென்பொருள்களைப் பாவிக்க நேரின் நிலைமை மாறும். அவர்க்கு 16 ஜீபி நினைவகம் வீண்செலவாகாது. மறுபுறம், 4 ஜீபி நினைவகமும் கழற்ற முடியாதவாறு பொருத்தப்பட்ட 64 ஜீபி சேமிப்பகமும் கொண்ட புதுக்கணினி, பளபளப்பும் மலிவும் கொண்டிருப்பினும், ஓராண்டுக்குள் நிரம்பித் திணறத் தொடங்கும். மருதமுனைத் தறியில் அறுந்த நூலின் கதை அதுவே.

எண்களிலே எழுதப்படாத வினைத்திறனும் ஒன்றுண்டு. 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, வேகமான புரொசெசரைவிட நீடித்து நிற்கும் பற்றரியே மாணவரைக் காப்பாற்றியது. லிதியம் பற்றரி சில நூறு தடவை ஏற்றியிறக்கப்பட்டதும் தன் கொள்ளளவிற் கணிசமான பகுதியை இழந்துவிடும். ஆதலின் பாவித்த கணினி வாங்குவோர் புதிய பற்றரியின் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கடலுக்கு மிக அண்மையில் வீடுகள் நெருங்கி நிற்கும் இவ்வூர்களில் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். நுண்மணல் காற்றாடியை அடைக்கும். திறந்து துப்புரவு செய்யவும் பாகம் மாற்றவும் இடந்தரும் கணினி இங்கு அதிக பெறுமதியுடையது. உத்தரவாதம் உண்டெனினும், திருத்துவதற்குக் கொழும்புக்கே அனுப்பவேண்டுமாயின், இரவுப் பேருந்துக் கூலியும் பரீட்சைக் காலத்திற் கணினியின்றிக் கழியும் வாரங்களும் அதன் விலையிற் சேரும். கட்டாரிலோ சவூதியிலோ தொழில்புரியும் காக்கா அனுப்பும் கணினிக்கும் இது பொருந்தும். அன்போடு வந்த அப்பொருளின் உத்தரவாதம் இலங்கையிற் செல்லுமா என்பதை, அது வாங்கப்படுமுன் கேட்டறிதல் நன்று.

இனி, கணக்கொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 90,000 ரூபாவுக்கு வாங்கும் நலிந்த புதுக்கணினி இரண்டாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 45,000 ரூபா செலவாகும். 180,000 ரூபாக் கணினி ஐந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 36,000. 360,000 ரூபாக் கணினி ஆறாண்டு உழைத்தாலும் ஆண்டுக்கு 60,000. நல்ல நிலையிலுள்ள, அலுவலகங்களிற் பாவித்துக் கழித்த உறுதியான கணினியொன்றை 75,000 ரூபாவுக்கு வாங்கி மூன்றாண்டு பாவித்தால் ஆண்டுக்கு 25,000 மட்டுமே. நலிந்த மலிவான புதுக்கணினியும் மிக உயர்ந்ததும் ஒருசேர இழப்பாவதையும், நடுவிலையுள்ள புதுக்கணினியும் உறுதியான பாவித்த கணினியும் வெல்வதையும் இக்கணக்குக் காட்டுகின்றது.

ஆயினும் இக்கணக்கு ஓர் உண்மையை மறைக்கின்றது. 36,000 இலாபகரமானது என்று அறிந்திருந்தும், 180,000 ரூபாவை ஒருசேரத் திரட்ட இயலாதவர் 45,000 ஐயே செலுத்த நேர்கின்றது. வறியவர் மலிவாக வாங்குவதாற் கூடுதலாகச் செலவிடுகின்றனர். அவர்தம் தெரிவைப் பேதைமை எனப் பழித்தல் தகாது. பணம் வரும் வழிகளும் இங்கு பல. பெண்கள் கூடிப் பிடிக்கும் சீட்டு ஒன்று. உம்மாவின் காப்பு மற்றொன்று. வேளாண்மை வெட்டு முடிந்து விற்கும் நெல்மூடை இன்னொன்று. வட்டிக்கு அஞ்சும் குடும்பங்கள் கடைகளின் தவணைமுறையைத் தவிர்க்கின்றன. 2011 இல் அமானா வங்கி வட்டியில்லா வணிக வங்கியாகத் தொழிற்படத் தொடங்கியது. அத்தகைய நிறுவனங்கள் கையாளும் முறாபஹா முறையில், பொருளை நிறுவனமே வாங்கி, இலாபத்தை வெளிப்படையாகக் கூறித் தவணையிலே விற்கின்றது. மார்க்க அடிப்படையில் மனநிறைவு தரும் வழியாயினும், இலாபஞ் சேர்ந்த முழுத்தொகையே அக்கணினியின் விலையென்பதை மறத்தலாகாது. தாயின் காப்பு ஈட்டிலிருந்து மீளாவிடின், அதுவும் அக்கணினியின் விலையே.

எனவே மாணவரின் முதற்கடமை, தமது தேவையைப் பணந் தருபவருக்கு விளங்கும் மொழியிற் கூறுதலாகும். ரேம் என்றால் என்னவென்று வாப்பாவுக்குத் தெரியாதிருக்கலாம். ஒரே நேரத்தில் மேசையில் விரித்துவைக்கக்கூடிய கொப்பிகளின் அளவு அது என்றால் தெரியும். எத்தனை ஆண்டு உழைக்கும், பாகம் எங்கே கிடைக்கும், யார் திருத்துவார், விற்றால் என்ன வரும் என அவர் எஞ்சினுக்குக் கேட்ட கேள்விகளே கணினிக்கும் உரிய கேள்விகள். அவற்றுக்கு விடை கூறமுடியாத மகனோ மகளோ கடைக்குப் போகும் நாளைத் தள்ளிவைத்தல் நன்று. நண்பரின் கணினியைக் கண்டு எழுந்த ஆசையைத் ‘தேவை’ என்று பெயரிட்டு வீட்டிலே வைப்பது, அறியாதவரின் நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்வதாகும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் பங்குண்டு. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயினும், பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களாயினும், புதுமுக மாணவர் பதிவுசெய்யும் நாளிலே ஒவ்வொரு துறையும் ஒருபக்கத் தாளொன்றை வழங்கலாம். அத்துறையில் எந்த மென்பொருள் எந்த ஆண்டிற் தேவைப்படும், அதற்குப் போதிய கணினி எத்தகையது, எவ்வேலையை நூலகத்திலும் கணினிக் கூடத்திலும் முடித்துக்கொள்ளலாம் என்பவற்றை அதிலே குறிப்பிடுதல் போதும். முதலாண்டில் எதையும் வாங்காது பொறுத்திருக்கலாம் என்று ஒரு துறை எழுதினாலும், அவ்வொரு வரி பல வீடுகளிற் காப்பை ஈட்டுக்கடைக்குப் போகாது தடுக்கும். அத்தாளை வீட்டிலே வாசித்துக் காட்டினால், வாப்பாவும் கடையின் ஓரத்தைவிட்டு முன்னே வந்து தாம் கேட்கவேண்டியதைக் கேட்பார்.