காற்றைப் பார்த்த ஊர்

குவாதலூப்பின் வரைபடத்தைப் பார்ப்பவர்கள் சிறகு விரித்த பட்டாம்பூச்சி என்பார்கள். கிழக்குச் சிறகுக்குப் பெயர் கிராந்-தேர், அதாவது பெரிய நிலம். மேற்குச் சிறகு பாஸ்-தேர், தாழ்ந்த நிலம். ஆனால் இரண்டில் சிறியது அந்தப் பெரிய நிலம்தான். தாழ்ந்த நிலத்திலோ 1,467 மீட்டர் உயரத்துக்கு சுஃப்ரியேர் எரிமலை நிற்கிறது. இப்படிப் பெயர் வைத்தவனுக்குக் கண் இருந்ததா என்று பள்ளியில் சிரித்திருக்கிறேன்.

அவனுக்குக் கண் நன்றாகவே இருந்தது. அவன் நின்ற இடம்தான் வேறு. கப்பலில் நின்றவனுக்கு மேல், கீழ் என்பதெல்லாம் காற்றை வைத்துத்தான். காற்று மலையைத் தாண்டி அடங்குகிற பக்கம் அவனுக்குத் தாழ்வு. காற்று முகத்தில் வந்து அறைகிற பக்கம் 'கப்பெஸ்தேர்'. என் ஊர் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. முழுப் பெயர் கப்பெஸ்தேர்-பெல்-ஓ. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மழையாகக் கொட்டும். அருவிக்கும் ஆற்றுக்கும் குறைவில்லை. 'பெல்-ஓ' என்றால் அழகிய நீர்.

1979இல், 20 வயதில், பாரிசில் தபால் துறை வேலைக்கென்று கிளம்பியவன் நான். திரும்பிப் போக 44 ஆண்டுகள் ஆயின. இடையில் காரைக்காலில் பிறந்த பெண்ணை மணந்தேன். மாமியாரோடு பேச வேறு வழி இல்லாததால் தமிழ் கற்றேன். என் முப்பாட்டனின் மொழியை 30 வயதுக்கு மேல், பாரிசின் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் கற்றுக்கொண்டேன்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் சாலை, இரண்டு சிறகுகளுக்கும் நடுவே ஓடும் குறுகிய கடற்காலைப் பாலத்தில் தாண்டுகிறது. 1976இல் இதே பாலத்தை எதிர்த்திசையில் கடந்தோம். அந்த ஜூலையில் சுஃப்ரியேர் நீராவியும் சாம்பலுமாகக் கக்கத் தொடங்கியது. ஆகஸ்டில் மலையைச் சுற்றியிருந்த 70,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். அப்பா எங்களை கிராந்-தேரில் உறவினர் வீட்டில் கொண்டு விட்டார். மலை பெரிதாக வெடிக்கவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. டிசம்பரில் எல்லோரும் வீடு திரும்பினார்கள். மேசைமேல் படிந்திருந்த சாம்பலில் தங்கை விரலால் பூனை வரைந்தது நினைவிருக்கிறது.

ஊர் எல்லையில் சாந்த்-மரி. 1493 நவம்பர் 4 அன்று கொலம்பஸ் இறங்கிய கரை. கலினாகோ மக்கள் கருக்கேரா என்று அழைத்த தீவுக்கு, ஸ்பெயினில் இருக்கும் ஒரு மடத்தின் பெயரைச் சூட்டிவிட்டுப் போனார். பெயர் வைப்பவர் எப்போதும் வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் வைக்கிறார்.

அதன்பின் ஷாஞ்ஜி. சாலையோரத்திலேயே மாரியம்மன் கோயில். எங்கள் வாயில் அவள் 'மாலியேமேன்', மதுரை வீரன் 'மால்தேவிலேன்', மத்தளம் 'மத்தாலோன்'. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1889 வரை வந்தவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். பலர் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறியவர்கள். அவர்களில் ஒருவருக்குக் கொள்ளுப்பேரன் நான்.

கப்பெஸ்தேரில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் எங்கள் ஊரின் பெருமை. இந்தியக் கூலிகளின் பிள்ளைகள் இங்கேயே பிறந்தாலும் அந்நியர்கள் என்றார்கள். வாக்காளர் பட்டியலில் இடம் இல்லை. 1904இல் வழக்குத் தொடுத்தார். 1923இல்தான் உரிமை கிடைத்தது. பிறந்த ஊரில் தன் மக்களின் பெயரை ஒரு பட்டியலில் எழுதவைக்க ஒரு மனிதருக்கு 19 ஆண்டுகள்.

வீட்டு வாசலில் அத்தை நின்றிருந்தாள். எங்கள் கிரெயோலில் தாந்தீன். வயது 86. "மெலிந்துவிட்டாய், அங்கே சோறு கிடையாதா?" என்றாள்.

கொல்லையில் வள்ளிக்கொடி கம்பில் ஏறிக் காடாக நின்றது. அதன் கீழே மதேர் என்று நாங்கள் சொல்லும் சேப்பங்கிழங்கு. ஒன்றைப் பிடுங்கக் குனிந்தேன். "தொடாதே, அது பார்க்க மட்டும்" என்றாள். வாழையின் கிழங்குக் கூன்வண்டைக் கொல்ல 1972 முதல் 1993 வரை இத்தீவின் தோட்டங்களில் குளோர்டெகோன் தூவினார்கள். பிரான்சில் 1990இலேயே தடை. இங்கே விலக்கு கொடுத்து மேலும் மூன்று ஆண்டுகள். அந்த நஞ்சு மண்ணை விட்டுப் போக நூற்றாண்டுகள் ஆகலாம். மரத்தில் பழுக்கும் வாழைக்கு அது ஏறுவதில்லை. மண்ணுக்குள் விளையும் கிழங்கு அதை உறிஞ்சிக்கொள்கிறது. அத்தையின் கொல்லை ஒரு காலத்தில் வாழைத் தோட்டத்தோடு சேர்ந்திருந்த நிலம். மண்ணைச் சோதித்துச் சொல்லிவிட்டார்களாம். சாப்பிட முடியாத கிழங்குக்கு ஏன் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று கேட்டேன். "பிடுங்கிவிட்டால் கொல்லை யாருடையது என்று தெரியாமல் போய்விடும்" என்றாள்.

மதியம் வாழையிலை போட்டு ஆட்டுக்கறி 'கொலொம்போ' பரிமாறினாள். தமிழ் கற்ற நாளிலிருந்து நான் காத்திருந்த தருணம் இது. "தாந்தீன், இது கொலொம்போ இல்லை. குழம்பு. தமிழ்ச் சொல். நம் ஆட்கள் கொண்டுவந்தது" என்று பாரிசில் கற்ற பாடத்தை ஒப்பித்தேன்.

அவள் அடுக்களையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துவந்தாள். மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம் எல்லாம் சேர்த்து அரைத்த பொடி. "கொலொம்போ இது. இதைப் போட்டதால்தான் கறிக்கும் அந்தப் பெயர். உன் பெண்டாட்டி ஊரில் இதை என்னவென்பார்கள்?"

"மசாலாப் பொடி" என்றேன்.

"அப்படியானால் குழம்பு எது?"

"கறியும் சாறுமாக இலையில் இருக்கிறதே, அது."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். "பாவம். கடலைத் தாண்டி இங்கே வந்தவர்கள் நாம். சொல்லை இடம் மாற்றிவிட்டவர்கள் அவர்கள்."

திருத்த வாய் வரவில்லை. கீழே கடலிலிருந்து காற்று ஏறி வந்து இலையின் ஓரத்தை மடித்தது. அத்தை உப்புக் கிண்ணத்தை அதன்மேல் தூக்கி வைத்தாள்.