சுற்றமும் நட்பும் சூழ...

வெளியார் எழுதின புரோகிராம்களை எந்தெந்த கிட்ஹப் களஞ்சியத்திலிருந்து எடுக்கலாம் என்று பட்டியல் போடுவது ஆபீஸில் என் உத்தியோகம். "ஒவ்வொரு பேரா எதுக்கு சார்? நட்சத்திரக் குறி போட்டுடுங்க" என்கிறார்கள் பையன்கள். குழுவின் பெயருக்குப் பின்னால் அதைப் போட்டால் அவர்களுடைய எல்லாக் களஞ்சியமும் உள்ளே வரலாம். கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று அச்சடிக்கிறோமே, அதேதான். பந்தியில் யாரென்று கேட்க முடியாது.

2025 மார்ச்சில், 23,000-க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் நம்பிய 'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' நிரல் ஒன்றில் யாரோ புகுந்து, பழைய பதிப்புகளின் லேபிளை விஷ நிரலில் ஒட்டிவிட்டார்கள். ரகசியச் சாவிகள் லாகில் அச்சாயின. பெயர் அதே பெயர், ஆள்தான் வேறு!

ஆகவே, நட்சத்திரம் சொந்த வீட்டுக்கு மட்டும். வெளியாருக்கு முழுப் பெயரோடு 40 இலக்க கமிட் எண்ணும் வேண்டும். நிரலில் ஓரெழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பையன்கள் முணுமுணுக்கிறார்கள். பரவாயில்லை; வாசல்காரனுக்கு நல்ல பேர் எதற்கு?