விறைத்த கால், பலமான கால் அல்ல!

“புள்ள காலு ஏற்கெனவே கட்டை மாதிரி கெடக்கு. பயிற்சி, கியிற்சின்னு இன்னும் இறுக்கிடாதம்மா!”

மூளை முடக்குவாதம், அதாவது செரிப்ரல் பால்சி உள்ள குழந்தையின் வீட்டில் ஒரு பாட்டி இப்படிச் சொன்னால் அவரைக் கோபிக்க முடியாது. சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை சிகிச்சையாளர்கள் பலருக்கே இந்தப் பயம் இருந்தது. 1990-களில் அமெரிக்காவின் டயேன் டாமியானோ போன்ற ஆய்வாளர்கள், இக்குழந்தைகளின் தொடைத் தசைகளுக்குப் பளு கொடுத்துப் பயிற்சி தந்து பார்த்தார்கள். பலம் கூடியது, இறுக்கம் கூடவில்லை.

காரணம் எளிது. வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால், தசைக்குக் கட்டளை சரியாகப் போய்ச் சேருவதில்லை. தசை விறைத்து நிற்கும். ஆனால், எழுந்து நிற்கும் நேரத்தில் வேண்டிய பலம் அதில் இருக்காது.

செலியமேட்டிலிருந்து ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வரும் அம்மாவுக்கு இது புரிந்தபோது, வீட்டு ஸ்டூலே பயிற்சிக் கருவியானது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, மகனின் பாதம் தரையில் பதிய உட்காரவைப்பார். அவன் எழ வேண்டும், நிற்க வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். சீரியலில் விளம்பரம் வந்தால் பத்து முறை. “நீ தூக்கி விடாதம்மா, நானே!” என்பான் மகன். கை துறுதுறுத்தாலும், அவர் தூக்குவதில்லை. அதுதான் அவருக்குக் கடினமான பயிற்சி.

ஒன்றை மறைக்கக் கூடாது. தசை பலப்பட்டால் நடை தானாக வந்துவிடாது. நடக்கப் பழக, நடக்கத்தான் வேண்டும். எல்லாக் குழந்தைகளும் நடப்பதும் இல்லை. 1997-ல் கனடாவில் உருவான வகைப்பாடு, இவர்களின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக் குழந்தை துணையின்றி நடக்கும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குச் சக்கர நாற்காலியும் அதைத் தள்ள ஓர் ஆளும் தேவை. இரண்டு வயதுக்குள் தானாக உட்காரும் குழந்தை பெரும்பாலும் நடந்துவிடும்.

எனவே “எப்போ நடப்பான்?” என்பதோடு, “எந்த வேலையை அவனே செய்ய வேண்டும்?” என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, கழிப்பறையில் கம்பியைப் பிடித்து நிற்க, சாய்ந்துவிடாமல் உட்கார்ந்து சாப்பிட... எல்லாவற்றுக்கும் பலம் வேண்டும்.

மத்திய அரசின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதில் தெரபிச் செலவுக்கும் இடம் உண்டு. கேட்டு வாங்குங்கள்.