"இது எங்க வீட்டுக்காரர் முகமே இல்லையேம்மா!" - டைப்பிங் அக்காவை ஏமாற்றிய கம்ப்யூட்டர் திரை

"இது எங்க வீட்டுக்காரர் மாதிரியே இல்லையேம்மா..."

பண்ருட்டியில் இருக்கும் அந்தச் சின்ன டி.டி.பி கடை வாசலில், விரித்துப் பிடித்த ஃபிளெக்ஸைப் பார்த்து அந்த அம்மா இப்படிச் சொன்னபோது மாலை ஆறு மணி. மறுநாள் காலை பதினாறாம் நாள் காரியம்.

ஃபிளெக்ஸில் மாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தவர், நன்றாக இருந்த காலத்தில் அகலமான முகக்காரர். ஆனால், ஃபிளெக்ஸில் கன்னமெல்லாம் ஒட்டிப்போய், முகம் நீண்டு, தோள் குறுகி வேறு யாரோபோல இருந்தார்.

"கடைசி மூணு மாசம் ஆஸ்பத்திரியில இப்படித்தாம்மா இருந்தாரு. அந்த முகத்தை மறக்கணும்னுதான் பழைய போட்டோவைத் தேடிக் கொடுத்தேன்..." என்றார் அந்த அம்மா. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னதுதான் அக்காவை உலுக்கிவிட்டது.

தெருவே அவரை `டைப்பிங் அக்கா' என்றுதான் கூப்பிடும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி, பட்டா மனு என்று பதினைந்து வருடங்களாக அந்தக் கடைதான் அவருக்குச் சோறு போடுகிறது. போட்டோவில் கைவைத்து இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

"விடிகாலைக்குள்ள வேற அடிச்சுத் தர்றேன்மா. காசு வேண்டாம்" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார். உள்ளே போய் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தார். திரையில் அந்த முகம் அளவாக, அழகாகத்தான் இருந்தது!

போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் வந்த ஒரிஜினல் போட்டோவைத் திறந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே போட்டோவைக் கம்ப்யூட்டரிலும் திறந்தார். போனில் சரியாக இருந்த முகம், கம்ப்யூட்டரில் பூசணிக்காய்போல அகன்று தெரிந்தது. இரண்டு நாளைக்கு முன்பு, `போட்டோ இழுபட்டு வந்திருக்கு' என்று நினைத்து, அகலத்தைக் குறைத்தது அவரேதான். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. போட்டோவில் தப்பு இல்லை. திரையில்தான் தப்பு!

அந்த மானிட்டர் கடைக்கு வந்தே நாலு நாள்தான் ஆகியிருந்தது. பழைய சதுர மானிட்டர் உயிரைவிட்டதால், செகண்ட் ஹேண்டில் 22 இன்ச் அகலத் திரை ஒன்றை வாங்கிப் பழைய கேபிளிலேயே மாட்டியிருந்தார். எழுத்து லேசாக மங்கலாகத் தெரிந்ததை, `செகண்ட் ஹேண்ட்தானே' என்று விட்டுவிட்டார்.

கம்ப்யூட்டரும் பழசு. போன வருடம் அது நத்தையாக நகர்ந்தபோது, இன்ஜினீயரிங் படிக்கும் அண்ணன் மகன்தான் அதில் `லினக்ஸ் மின்ட்' போட்டுக் கொடுத்தான். பணம் கட்டத் தேவையில்லாத ஆபரேட்டிங் சிஸ்டம். போட்டோ வேலைக்கு `கிம்ப்', டிசைனுக்கு `இங்க்ஸ்கேப்' என்று அக்காவும் பழகிவிட்டார்.

போன் போட்டதும் பைக்கில் வந்து இறங்கினான் அவன். வந்தவன் முதலில் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தான்.

"அத்தை, இங்க பாருங்க. 1024-க்கு 768-னு இருக்கு. இந்த மானிட்டருக்கு 1920-க்கு 1080 வரணும்."

"அதை மாத்தேன்டா."

"லிஸ்ட்லயே இல்லையே அத்தை!"

1024-க்கு 768 என்பது நாலுக்கு மூன்று என்ற விகிதம். பழைய சதுர மானிட்டர்களுக்கு உரியது. புது மானிட்டரோ 16-க்கு 9. சதுரப் படத்தை அகலத் திரை முழுக்க இழுத்து நிரப்பினால், எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகத் தெரியும். அதைக் கண்ணுக்குச் சரியாக்க அக்கா முகத்தை நாலில் மூன்று பங்காகக் குறைத்திருக்கிறார். அந்தக் குறைந்த முகம்தான் அச்சில் அப்படியே வந்துவிட்டது.

சரி, 1920 ஏன் பட்டியலில் இல்லை? ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சின்ன ஜாதகம் இருக்கிறது. `இ.டி.ஐ.டி' என்று பெயர். அடிப்படை அளவு வெறும் 128 பைட். `நான் இந்தக் கம்பெனி, என் அளவு இவ்வளவு, எனக்கு ஏற்ற ரெசல்யூஷன் இது' என்று மானிட்டர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரிடம் சொல்லும். அந்தத் தகவல் வராவிட்டால், எந்த மானிட்டருக்கும் பெரும்பாலும் ஒத்துவரும் சின்ன அளவுகளை மட்டுமே லினக்ஸ் காட்டும். அக்கா கடையில் நடந்தது அதுதான்.

முதலில் கைவைத்தியம் செய்து பார்த்தான் பையன். டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, `எக்ஸ்ரேண்டர்' என்ற கட்டளையைக் கொடுத்தான். மானிட்டர் `விஜிஏ-1' என்ற பெயரில் இணைந்திருப்பது தெரிந்தது. அடுத்து, `சி.வி.டி' என்ற கட்டளையோடு 1920, 1080, 60 என்ற மூன்று எண்களைக் கொடுத்தான். 173.00 என்று தொடங்கி ஒரு வரிசை எண்கள் வந்தன. நொடிக்கு 60 முறை அந்த அளவில் படம் வரையத் தேவையான கணக்கு அது. அந்த வரியை `நியூமோட்' என்று சேர்த்து, `ஆட்மோட்' என்று விஜிஏ-1-க்குக் கொடுத்து, கடைசியாக அந்த அளவுக்கு மாறச் சொன்னான்.

திரை ஒரு கணம் இருண்டது. "போச்சுடா!" என்றார் அக்கா. மறுகணம் எழுத்தெல்லாம் கூர்மையாக, ஐகான்களெல்லாம் அளவாக வந்து நின்றன. கூடவே, அக்கா செய்த டிசைனில் அந்த முகம், வாசலில் பார்த்த அதே ஒட்டிய கன்னத்தோடு தெரிந்தது. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரிஜினல் போட்டோவை மறுபடி எடுத்தார். இந்த முறை அகலத்தில் கையே வைக்கவில்லை. நிறத்தை மட்டும் கொஞ்சம் தூக்கினார். மாலையைச் சுற்றிப் போட்டிருந்த வட்டத்தையும் புதிதாக வரைந்தார். ஸ்கேலை எடுத்துத் திரையிலேயே குறுக்கும் நெடுக்கும் அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. இரவு ஒன்பதரைக்கு ஃபைல் கடலூருக்குப் போனது. விடிகாலையில் பையனே போய் ஃபிளெக்ஸை வாங்கிவந்தான்.

அந்த அம்மா ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தின் மேல் இருந்த தூசியை மட்டும் துடைத்துவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. அன்று மதியம் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்ததும் திரை பழையபடி இழுத்துக்கொண்டது. எக்ஸ்ரேண்டரில் கொடுத்த மாற்றம் ரீஸ்டார்ட் ஆனதும் மறைந்துவிடும். கட்டளைகளை `எக்ஸ்ப்ரொஃபைல்' என்ற ஃபைலில் எழுதிவைத்தால், ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் தானாக ஓடும். பையன் அதற்குத்தான் உட்கார்ந்தான். அதற்குள் அக்கா கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இந்தக் குச்சி ஒண்ணு மடங்கியிருக்கே, இது எதுக்கு?"

விஜிஏ கேபிளில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து ஊசிகள். மானிட்டரின் ஜாதகம் 12-ம், 15-ம் ஊசிகள் வழியாகத்தான் வரும். மடங்கிக் கிடந்தது கடைசி வரிசையில் இரண்டாவது, அதாவது 12-ம் ஊசி! புது கேபிள் மாட்டியதும், எந்தக் கட்டளையும் இல்லாமலே 1920-க்கு 1080 தானாக வந்து நின்றது.

"இதை முதல்லயே பார்த்திருக்கலாம் அத்தை" என்று தலையைச் சொறிந்தான் பையன்.

உங்கள் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் படம் இழுத்த மாதிரி தெரிந்தால், முதலில் கேபிளைப் பாருங்கள். மானிட்டரில் ஹெச்.டி.எம்.ஐ வசதி இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள். அதன் பிறகு கட்டளைகளுக்குப் போகலாம். இப்போது வரும் உபுண்டு, ஃபெடோரா போன்றவை `வேலேண்ட்' என்ற முறையில் இயங்குவதால், எக்ஸ்ரேண்டர் வழி அங்கே பலிக்காது. மானிட்டருக்கு உரிய அளவு எது என்பதை, அதன் மாடல் எண்ணை வைத்துத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

அக்கா கடையில் இப்போது ஒரு புதுப் பழக்கம். காலையில் விளக்கேற்றியதும் திரையில் ஒரு வட்டம் வரைந்து, ஸ்கேலால் அளந்துவிட்டுத்தான் முதல் போட்டோவைத் திறக்கிறார். முகம் அகலமாகத் தெரிந்தால், உடனே மவுஸைத் தொடுவதில்லை. எதிரில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார்.

"இவங்க நிஜத்துலயும் இப்படித்தான் இருப்பாங்களா?"