ஓர எழுத்தைப் பாருங்க

“படத்தைப் பாக்காதீங்க தம்பி, ஓரத்தைப் பாருங்க” என்றார் லேப்காரர். லைட் பாக்ஸின் மேல் ஆறு ஃப்ரேம் உள்ள ஒரு நெகட்டிவ் துண்டு. துளைகளை ஒட்டி ஃபிலிமின் பெயரும் ஃப்ரேம் எண்களும் இருந்தன. அவை தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்த எழுத்துகள். கேமராவில் நாம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து வைத்த கோளாறு அவற்றைத் தொடாது. படம் வெளிறி, எழுத்து மட்டும் அழுத்தமாக இருந்தால் எடுத்தவர் வெளிச்சம் போதாமல் எடுத்திருக்கிறார். எழுத்தே வெளிறியிருந்தால் கழுவியவர் பக்கம்தான் சந்தேகம் போகும். லேபுக்கும் வாடிக்கையாளருக்கும் நடக்கும் பாதிச் சண்டையை இந்த ஓர எழுத்தே தீர்த்துவைத்துவிடும்.

சென்னையில் ஒரு பழைய ஸ்டுடியோவின் மாடியில் இருக்கிறது அந்த லேப். ஃபிலிம் கேமராவைத் தூசி தட்டி எடுத்த நண்பர்கள் எல்லோரும் எங்கே கழுவக் கொடுப்பது என்று என்னையே கேட்கிறார்கள். அதனால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம் என்று போனேன். மெஷினைப் பார்த்துக்கொள்பவர் சினிமா லேபில் வேலை கற்றவர், அறுபதைத் தாண்டியவர்.

ஸ்டில் கேமராவின் கலர் நெகட்டிவுக்கு உலகம் முழுக்க ஒரே முறைதான். 1972-இல் கோடாக் கொண்டுவந்த சி-41. டெவலப்பர் மருந்தின் சூடு 37.8 டிகிரி, நேரம் மூன்றே கால் நிமிடம். சூட்டில் 0.15 டிகிரிக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. காலையில் முதல் ரோலுக்கு முன்னால் ஃப்ரீசரிலிருந்து ஒரு கன்ட்ரோல் ஸ்ட்ரிப்பை எடுத்து மெஷினுக்குள் விட்டார். அதுவும் தொழிற்சாலையில் அளவாக ஒளி காட்டிய துண்டு. வெளியே வந்ததை அடர்த்தி அளக்கும் டென்சிட்டோமீட்டரில் வைத்துப் படித்து, சுவரில் ஒட்டியிருந்த கட்டத்தாளில் புள்ளி வைத்தார். “இந்தத் தாளைக் காட்டச் சொல்லி எந்தக் கடையிலயும் கேளுங்க. முழிச்சாங்கன்னா கிளம்பிடுங்க.”

அவர் சொன்ன இன்னொன்று என் கணக்கையே மாற்றிவிட்டது. ஒவ்வொரு ரோல் உள்ளே போகும்போதும் அதற்கேற்பக் கொஞ்சம் புது மருந்து டேங்கில் சேரும். ரோல் வராமல் மெஷின் சும்மா நின்றால் டெவலப்பர் காற்றுப் பட்டுக் கெட்டுப்போகும். ஆள் வராத கடையில் ஆளைவிட மருந்துக்குத்தான் முதலில் வயதாகிறது. அதனால் இவர் கலர் ரோல்களைச் சேர்த்துவைத்து, வாரத்தில் குறித்த நாளில் மட்டும் மெஷினை ஓட்டுகிறார். “நாளைக்கே தரேன்” என்கிற கடையைவிட “வியாழக்கிழமை வாங்க” என்கிற கடையை நான் நம்பத் தொடங்கியது இங்கேதான். ஓயாமல் ரோல் வரும் பெரிய லேப் என்றால் மறுநாளே கொடுக்கலாம், அது வேறு.

கறுப்பு வெள்ளையைக் கையால்தான் கழுவுகிறார். ஒவ்வொரு ஃபிலிமுக்கும் ஒவ்வொரு நேரம். வழக்கமான சூடு 20 டிகிரி. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அது தெரியுமா? ஐஸ் பாட்டில்களை மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்தபடி காத்திருக்கிறார்.

நடுவே ஓர் இளைஞர் சினிமா ஃபிலிமைச் சுருட்டி அடைத்த ரோல் ஒன்றைக் கொண்டுவந்தார். லேப்காரர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையிலேயே கொடுத்துவிட்டார். பின்புறம் கறுப்புக் கார்பன் பூச்சு உள்ள வகை அது. சி-41 மெஷினுக்குள் போனால் பூச்சு உரிந்து டேங்கைக் கெடுத்து, பின்னால் வரும் அடுத்தவர் படங்களிலும் ஒட்டும். எதையும் வாங்கிக்கொள்கிற லேபில் என் ரோலுக்கு முன்னால் என்ன போயிருக்கும் என்ற கவலை எனக்கு அப்போதுதான் வந்தது.

ஸ்கேனரில் இருந்தவர் ஓர் இளம்பெண். பழைய ஜப்பான் மினிலேப் ஸ்கேனர். மூடிய கடைகளின் மெஷின்களிலிருந்து உதிரி பாகம் எடுத்து ஓட்டுகிறார்கள். கலர் நெகட்டிவில் தூசியை அகச்சிவப்புக் கதிர் கண்டுபிடித்து நீக்கிவிடும். கறுப்பு வெள்ளையில் வெள்ளித் துகளே அந்தக் கதிரை மறித்துவிடுவதால் ப்ளோயரும் பிரஷும்தான் கதி. ஒவ்வொரு ஃப்ரேமையும் திரையில் பார்த்து சியான், மஜந்தா, மஞ்சள், அடர்த்தி என்று கீகளைத் தட்டிக்கொண்டே போகிறார். மெகாபிக்சல் கணக்கு இந்த விரல்களுக்கு அப்புறம்தான்.

கோவில் வாசலில் எடுத்த ஒரு பாட்டியின் முகத்தை மெஷின் தானாகவே வெளுப்பாகக் காட்டியது. அடர்த்தியை இரண்டு தட்டு ஏற்றிப் பாட்டியின் சொந்த நிறத்துக்குக் கொண்டுவந்தார். பல ஆண்டுகள் லேப்கள் நிறத்தைச் சரிபார்த்தது கோடாக் அனுப்பிய ஷெர்லி கார்டை வைத்துத்தான். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். நம் கல்யாண ஆல்பங்களும் அந்தப் பக்கமே சாய்ந்தன. கறுப்பு முகத்தைக் கறுப்பாகவே தரத் தெரியாத லேப் எத்தனை மெகாபிக்சல் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

கிளம்பும்போது என் ரோலைக் கொடுத்தேன். ஸ்கேனரில் இருந்த பெண் கவரில் எழுதிக்கொண்டே கேட்டார்: “புஷ் பண்ணணுமா சார், கூட நேரம் டெவலப் பண்ணணுமா? நெகட்டிவைத் திரும்ப வாங்கிப்பீங்கல்ல? நிறைய பேர் ஸ்கேன் மெயில்ல வந்ததும் இந்தப் பக்கமே வர்றதில்ல.” மேசைக்கடியில் அப்படி வாங்காமல் விட்ட நெகட்டிவ்கள் இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன. தூக்கிப்போட மனசு வரவில்லையாம்.