வன்னிக் காட்டின் பூமரங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்வோரை எதிர்கொள்வது வன்னிப் பெருநிலம். இங்கே ஊர்ப் பெயர்களிலேயே செடிகொடிகள் குடியிருக்கின்றன. முல்லைத்தீவில் முல்லை, கிளிநொச்சியில் நொச்சி, முன்னாளில் வவுனியா விளாங்குளம் என வழங்கிய வவுனியாவில் விளா.

இந்நிலத்துக்குரிய மரஞ்செடிகளைத் தெரிந்தெடுத்தது யார்? வானமே எனலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையைப் பொழிய, குளங்கள் நிரம்புகின்றன. வைகாசி முதல் ஆவணி வரையிலோ, மேற்குக் கரையையும் மலைநாட்டையும் நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையில்லா வன்னியில் வறண்ட சோளகமாய் வீசுகின்றது.

இவ்வறட்சியைத் தாங்க வல்லவையே இங்கு நிலைத்தன. பாலையும் வீரையும் தடித்த இலைகளால் நீரைக் காக்கின்றன. கொன்றை இலையுதிர்த்துப் பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடுகின்றது. கார்த்திகைச் செடியோ கோடையில் மண்ணுக்குள் கிழங்காய் உறங்கி, மழை கண்டு தளிர்த்து, கார்த்திகைத் திங்களில் தீக்கொழுந்தெனப் பூக்கின்றது.

ஆயினும் ஒரு வியப்பு உண்டு. ஈரவலயத்துச் சிங்கராசக் காட்டில் இலங்கைக்கே உரிய மரங்கள் மலிந்துள்ளன. வன்னியில் அத்தகையவை மிகக் குறைவு. காரணம் என்ன?

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்குநீரிணை தரையாயிற்று. கடல் இவ்வாறு வற்றியது ஒரு முறையன்று. வறண்ட நிலத்துச் செடிகளுக்கு அத்தரை நடைபாதை. ஈரக்காட்டு மரங்களுக்கோ கடத்தற்கரிய வேலி. ஆகவே ஈரக்காட்டு மரங்கள் நெடுங்காலம் தனித்து நின்று புதிய இனங்களாகப் பிரிந்தன. வன்னி மரங்கள் பல இருகரையிலும் ஓரினமாகவே நிலைத்தன. வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரைக் காட்டிலும் பாலை மரமே தலைமை பெற்றிருப்பதைக் காண்க.

இனி வானம் மாறினால் என்னாகும்? கோடையில் கனியும் பாலைப்பழத்தை மக்கள் மட்டுமன்றிக் கரடியும் பறவையும் விரும்பியுண்கின்றன. மழை முறை பிறழ்ந்தால் பூவும் கனியும் பிறழும். பண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து பிழைக்க, தொடர்ந்த காடும் ஆயிரமாயிரம் ஆண்டுகளும் மரங்களுக்கு இருந்தன. இன்றோ இடையே கடல் கிடக்கின்றது, காடும் துண்டுபடுகின்றது, மாற்றமும் விரைந்து வருகின்றது.

மாணவர்களே, உங்கள் ஊர்க் கொன்றை எந்நாளில் முதற்பூப் பூக்கின்றது, பாலை எந்நாளில் பழுக்கின்றது என ஆண்டுதோறும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். வானம் மாறும் விதத்தை அக்கொப்பியே ஒருநாள் உங்களுக்கு உரைக்கும்.